பிள்ளைக்குப் பம்பர்ஸ் கட்டிய இடம் சிவந்து புண்ணாகிறதா? மட்டக்களப்பு, அம்பாறைத் தாய்மாரின் கேள்விகளும் பதில்களும்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம்முடைய பக்கத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. பம்பர்ஸ் கட்டிய இடம் சிவந்து தடிக்கிறது, சில பிள்ளைகளுக்குத் தோலுரிந்து புண்ணாகியும் விடுகிறது. பெரும்பாலும் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் பூசி, சில நாளில் ஆற வேண்டியதை இரண்டு கிழமைக்கு இழுத்துவிடுகிற வீடுகளும் உண்டு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளையைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். பிறகு ஏன் இது வருகிறது?

சுத்தக் குறைவால் வருகிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நன்றாகப் பார்க்கப்படுகிற பிள்ளைகளுக்கும் இது வரும். "தாய்க்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது" என்று மாமி சொன்னாலும் சரி, அயலவர் சொன்னாலும் சரி, அது நியாயமில்லாத பேச்சு.

நடப்பது இதுதான். வெகுநேரம் உடுப்புத் தோய்த்தால் நம் விரல்கள் ஊறிச் சுருங்குகிறதல்லவா, பம்பர்ஸுக்குள் ஈரத்தில் கிடக்கிற தோலும் அப்படி ஊறி மெலிகிறது. ஊறிய தோல் சிறு உரசலையும் தாங்காது. இதற்கு மேல் சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேரும்போது அமோனியா உண்டாகிறது. இயல்பாகத் தோலில் இலேசான அமிலத்தன்மை இருக்கும், அதுதான் அதற்குக் காவல். அமோனியா அந்தக் காவலைக் குலைத்துவிடுகிறது. அதோடு, சாப்பாட்டைச் செரிக்க வைப்பதற்காகக் குடலில் சுரந்த நொதியங்கள் மலத்தில் மிச்சமிருக்கும். தோலின் அமிலத்தன்மை குறையக் குறைய அவை இன்னும் வேகமாக வேலை செய்து தோலையே அரிக்கத் தொடங்கும். வெக்கையும் வியர்வையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே சிறுநீர் மட்டும் போன பம்பர்ஸை விட மலம் போன பம்பர்ஸ்தான் அவசரம். மலம் போனது தெரிந்த உடனேயே மாற்றுங்கள். பிள்ளை நித்திரை என்றாலும்தான்.

எந்த வயதில் கூடுதலாக வரும்?

9 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில்தான் அதிகம். 6 மாதத்தில் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியதும் மலத்தின் தன்மை மாறுவது ஒரு காரணம். பிள்ளை உட்கார்ந்து, தவழ்ந்து திரிகிற வயது என்பதால் உரசலும் கூடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகளுக்கு ஒப்பீட்டளவில் குறைவு. வயிற்றோட்டம் வந்தாலோ, வேறு வருத்தத்துக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தாலோ எந்த வயதிலும் வரலாம்.

எங்கள் பிள்ளை கறுப்பு நிறம். சிவப்பு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. பெரும்பாலான படங்கள் வெள்ளைத் தோல் பிள்ளைகளுடையவை. அதைப் பார்த்துவிட்டு "எங்கள் பிள்ளைக்குச் சிவக்கவில்லையே" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். நம் பிள்ளைகளின் தோலில் அது கடும் மண்ணிறமாகவோ, ஊதா கலந்த கறுப்பாகவோ, சுற்றியுள்ள தோலை விடப் பளபளப்பாகவோ தெரியும். தொட்டால் சூடாக இருக்கும், சிலவேளை சொரசொரப்பாகவும் இருக்கும். கழுவும்போது பிள்ளை வழமைக்கு மாறாக வீரிட்டு அழுதால் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

வந்துவிட்டது. இன்றைக்கே என்ன செய்வது?

முதலில் மாற்றுகிற இடைவெளியைக் குறையுங்கள். பகலில் 2 அல்லது 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மலம் போனால் அந்த நிமிடமே. புதிதாகப் பிறந்த பிள்ளை என்றால் இதை விடவும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். இரவில் ஒருமுறையாவது எழும்பிப் பாருங்கள்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். சவர்க்காரம் தேவைப்பட்டால் வாசனையில்லாத மென்மையானதைக் கொஞ்சமாக, மலம் ஒட்டியிருக்கிற இடத்துக்கு மட்டும். தண்ணீரில் டெட்டோல் விடவே வேண்டாம். புண்பட்ட தோலை அது எரித்துவிடும். பெண்பிள்ளை என்றால் முன்னாலிருந்து பின்பக்கமாகக் கழுவித் துடையுங்கள், மலம் முன்பக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று ஏற்படக்கூடும். ஆண்பிள்ளையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவத் தேவையில்லை.

கழுவிய பிறகு துவாயால் தேய்க்காதீர்கள். மெதுவாக ஒற்றி எடுங்கள். தொடையிடுக்கு மடிப்புகளை விரித்து அங்கேயும் ஒற்றுங்கள். அதன்பின் கொஞ்ச நேரம் அப்படியே காற்றுப்பட விடுங்கள், தோல் முழுக்கக் காய்ந்த பிறகு கிறீம், அதற்குப் பிறகுதான் புதுப் பம்பர்ஸ். ஈரத்தின் மேல் கிறீம் பூசினால் அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த கதைதான்.

இப்படி ஒழுங்காகச் செய்தால் சாதாரணப் புண் 2, 3 நாளில் குறையத் தொடங்கும்.

காற்றாட விடுவது என்றால் எவ்வளவு நேரம்? பாயெல்லாம் நனைந்துவிடுமே?

எவ்வளவு கூட முடியுமோ அவ்வளவு. என்னைக் கேட்டால் எந்தக் கிறீமை விடவும் இதுதான் பெரிய மருந்து, காசும் செலவில்லை. நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் என்று தொடங்குங்கள். கீழே ரப்பர் சீட், அதன் மேல் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போட்டுவிட்டால் நனைந்தாலும் சேலையை மட்டும் தோய்த்தால் போதும். மலம் போன கையோடு விட்டால் அடுத்த முறை போவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். குப்புறப் படுக்கப் பழகிய பிள்ளை என்றால் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, அப்படியும் விடலாம்.

உச்சி வெயிலில் கிடத்த வேண்டாம். விறாந்தையில் நிழலும் காற்றும் இருந்தால் அதுவே தாராளம்.

ஏணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏணையில் கிடக்கும்போது சேலை பிள்ளையின் பின்பக்கத்தை இறுகச் சுற்றிக்கொள்ளும், காற்றே படாது, வெக்கை நாளில் வியர்த்துக் கொட்டும். புண் இருக்கிற நாட்களில் பகல் நித்திரையைப் பாயில் நுளம்பு வலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏணையில்தான் நித்திரை வரும் என்று அடம்பிடிக்கிற பிள்ளை என்றால், தூங்கிய பிறகு எடுத்துக் கிடத்திவிடுங்கள்.

எந்தக் கிறீம் பூசலாம்?

சிங்க் ஒக்சைட் உள்ள கிறீம், இல்லாவிட்டால் வெறும் வசலின். இரண்டும் தோலுக்கும் ஈரத்துக்கும் இடையில் ஒரு மறைப்பு போடுகின்றன, அவ்வளவுதான் அவற்றின் வேலை. தோல் ஏற்கெனவே சிவந்திருந்தால் சிங்க் ஒக்சைட் நல்லது. பெட்டியில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று போட்டிருப்பார்கள். 10 வீதமளவில் உள்ளது வராமல் தடுப்பதற்குப் போதும், புண் வந்தபின் 20 முதல் 40 வீதம் வரை உள்ள கெட்டியான வகையைப் பார்த்து வாங்குங்கள். வாசனை குறைந்ததாக இருக்கட்டும்.

பூசும்போது கஞ்சத்தனம் வேண்டாம். கீழே தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாகப் பூச வேண்டும். அடுத்த தடவை மாற்றும்போது பழைய கிறீமை முழுவதும் உரசி எடுக்க முனையாதீர்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள், கிறீமோடு சேர்ந்து ஆறிவருகிற தோலும் போய்விடுகிறது. மேலே ஒட்டிய மலத்தை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசுங்கள்.

பாமசியில் ஒரு டியூப் தந்தார்கள். பூசிய அடுத்த நாளே மாறிவிட்டது. மறுபடி வரும்போது அதையே பூசலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

ஒரே நாளில் மாயம் போலச் சிவப்பை எடுக்கிற டியூப்களில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருந்தால் அவை பலமான ஸ்டீரொயிட்கள். பங்கசு மருந்து, அன்டிபயோட்டிக், ஸ்டீரொயிட் மூன்றையும் ஒன்றாகக் கலந்த டியூப்களும் வருகின்றன. எந்த வருத்தம் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடுக்க வசதியானவை அவை.

ஸ்டீரொயிட் அழற்சியை அடக்கும், அதனால் சிவப்பு குறையும். ஆனால் பிள்ளையின் தோல் மெல்லியது. அதிலும் பம்பர்ஸ் இறுக மூடிய இடத்தில் மருந்து பல மடங்கு உள்ளே உறிஞ்சப்படும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சின்ன இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், தழும்பு விழும். அடியில் பங்கசு இருந்தால் மேலே குணமானது போல் காட்டிவிட்டு உள்ளே அது பரவும். கிழமைக் கணக்கில் பூசிய கைக்குழந்தைகளுக்கு மருந்து இரத்தத்தில் சேர்ந்து, முகம் ஊதி, உடம்பின் சொந்த ஹோர்மோன் சுரப்பே குழம்பிப்போன சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

சிலவேளை டொக்டரே பலம் குறைந்த 1 வீத ஹைட்ரோகோட்டிசோனைச் சில நாட்களுக்கு எழுதித் தருவார். அது வேறு விடயம். அவர் சொன்ன நாளுக்கு, சொன்ன அளவில் பூசிவிட்டு நிறுத்திவிடுங்கள். மிஞ்சிய டியூபை அடுத்த முறைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ எடுக்க வேண்டாம்.

பங்கசு வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரணப் புண் பெரும்பாலும் பம்பர்ஸ் நேரே படுகிற மேடான இடங்களில்தான் வரும், தொடையிடுக்கு மடிப்பின் உட்பக்கம் தப்பிவிடும். பங்கசு மடிப்புக்குள்ளேயே போய் உட்காரும். நிறம் கடுமையாக இருக்கும், ஓரம் கோடு போட்ட மாதிரித் தெளிவாகத் தெரியும், அந்த ஓரத்துக்கு வெளியே சின்னச் சின்னப் பொட்டுகள் சிதறியிருக்கும். அந்தப் பொட்டுகளைக் கண்டால் அனேகமாகப் பங்கசுதான். வாய்க்குள்ளும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. அப்படியென்றால் பாலூட்டுகிற தாயின் முலைக்காம்பிலும் நோவோ எரிவோ இருக்கலாம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அன்டிபயோட்டிக் குடித்த பிள்ளைகளுக்கும், சாதாரணப் புண் மூன்று நாளுக்கு மேல் ஆறாமல் கிடந்த பிள்ளைகளுக்கும் இது கூடுதலாக வரும். குளோட்ரிமசோல், மைக்கொனசோல், நிஸ்டட்டின் போன்ற கிறீம்களில் ஒன்றை டொக்டர் தருவார். நாளுக்கு 2, 3 தடவை மெல்லிதாகப் பூசி, சில நிமிடம் விட்டு, அதன் மேல் சிங்க் ஒக்சைட் பூசலாம். கண்ணுக்கு மாறினது போல் தெரிந்ததும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும், அவர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

பவுடர் போட்டால் ஈரத்தை இழுக்காதா?

போடாதீர்கள். தூள் பறந்து பிள்ளையின் சுவாசப்பைக்குள் போகும், டல்க் பவுடரால் மூச்சுத்திணறல் வந்த பிள்ளைகள் உண்டு. ஈரம் பட்டதும் மடிப்புக்குள் கட்டிபட்டு உரசவும் செய்யும். குளித்த பிறகு பவுடர் மணத்தால்தான் வீட்டில் பிள்ளை இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்கிற அம்மம்மாமாரின் ஆசை எனக்கு விளங்குகிறது. என்றாலும் வேண்டாம். போரிக் பவுடர் அதைவிடவும் ஆபத்து, புண்பட்ட தோல் வழியாக உள்ளே போனால் நஞ்சு.

தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை, தாய்ப்பால்?

தேங்காய் எண்ணெய் தோல் உடையாதவரை பரவாயில்லை. ஆனால் அது மெல்லிய காவல், சிங்க் ஒக்சைட் அளவுக்கு ஈரத்தைத் தடுக்காது. சமையலுக்கு எடுத்துக் கரண்டி விட்ட போத்தலில் இருந்து எடுக்க வேண்டாம், பிள்ளைக்கென்று தனியாக வையுங்கள். தாய்ப்பாலைத் தடவிக் காயவிடுவதால் இலேசான புண் ஆறுகிறது என்று சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன, கெடுதல் இல்லை, செய்து பார்க்கலாம். பங்கசு இருந்தால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதை நான் சொல்லமாட்டேன். இரண்டின் மேலும் நம் சனத்துக்கு இருக்கிற மதிப்பு தெரியும். ஆனால் அம்மியில் அரைத்த விழுது எரிச்சலைத் தரலாம், மஞ்சளின் நிறம் தோல் எப்படி இருக்கிறது என்பதையே மறைத்துவிடும். அப்பச் சோடா கரைத்துக் கழுவுவதும் கூடாது.

குளிக்க வார்த்ததும் சாம்பிராணிப் புகையில் காயவைக்கிறோம்...

புகை பிள்ளையின் சுவாசத்துக்குக் கூடாது, தணல் கை தவறினால் தீக்காயம். ஃபேனை மெதுவாகப் போட்டுக் காயவிடுங்கள்.

துணி நல்லதா, பம்பர்ஸ் நல்லதா?

துணிதான் எப்போதும் நல்லது என்று நினைக்கிறோம். ஈரத்தை உள்ளே இழுத்து வைக்கிற இந்தக் காலத்துப் பம்பர்ஸ், நனைந்த துணியை விடத் தோலை உலர்வாக வைக்கும். சிக்கல் அதன் விலையில் இருக்கிறது. விலைக்குப் பயந்து, கனத்துத் தொங்கும் வரை ஒன்றையே விட்டு வைக்கிறோம். அப்படி விடுவதென்றால் துணியே மேல். நனைந்ததும் தெரியும், மாற்றிவிடலாம்.

பல வீடுகளுக்குச் சரிவருகிற வழி: பகலில் வீட்டில் இருக்கும்போது துணி, இரவுக்கும் வெளியே போவதற்கும் பம்பர்ஸ். எதைக் கட்டினாலும் இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வாக இருக்கட்டும். தொடையில் தடம் பதிகிறதென்றால் அளவு சிறிதாகிவிட்டது. துணிக்கு மேல் பிளாஸ்டிக் கால்சட்டை போடாதீர்கள், ஈரமும் வெக்கையும் வெளியே போக வழியில்லாமல் போய்விடும்.

துணியைத் தோய்க்கும்போது சவர்க்காரம் துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். வாவிக் கரையோரம் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் சவர்க்காரம் சரியாகப் போகாமல் துணி விறைத்துப்போகும். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் எடுங்கள். வாசனைத் திரவம் எதுவும் விட வேண்டாம். நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

மாரி காலத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறதே?

கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்கில் மழை விடாது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டுவதுதான் அந்த மாதங்களில் புண் வரக் காரணம். ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிக் காயவைத்து, கட்டுவதற்கு முன் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி ஆறவிட்டு எடுங்கள். முடிந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பம்பர்ஸைக் கொஞ்சம் கூட வாங்கி வையுங்கள்.

பல் முளைக்கிறதால் வருகிறது என்கிறார்களே?

பல் நேரடியாக இதைக் கொண்டுவருவதில்லை. அந்த வயதில்தான் புதுச் சாப்பாடுகளும் தொடங்குகின்றன, கண்டதையும் வாயில் வைத்து வயிறும் குழம்புகிறது. தோடை, அன்னாசி, தக்காளி கொடுத்த மறுநாள் கூடினால் சில நாட்களுக்கு அதை நிறுத்திப் பாருங்கள்.

வயிற்றோட்டத்தோடு வந்திருக்கிறது. நாளுக்கு எத்தனையோ தடவை போகிறது.

இந்த நேரத்தில் ஒவ்வொரு தடவையும் துடைப்பதே புண்ணாக்கிவிடும். தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, ஒற்றி, சிங்க் ஒக்சைட்டை வழமையை விடத் தடிப்பாகப் பூசுங்கள். வாசனையும் அல்கஹோலும் உள்ள வைப்ஸ் இப்போது வேண்டவே வேண்டாம், வெளியே போகும்போது கூட ஒரு போத்தல் தண்ணீரும் பஞ்சும் கொண்டுபோங்கள்.

ஆனால் கவனம் முழுக்கப் புண்ணிலேயே இருந்துவிடக்கூடாது. வயிற்றோட்டத்தில் உடம்பின் நீர் வற்றுவதுதான் உயிருக்கு ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள். ஜீவனியைப் பக்கெட்டில் சொல்லியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் கொடுங்கள். கண் குழிவிழுந்தால், உச்சிக்குழி உள்ளே போயிருந்தால், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும்?

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் மூன்று நாளில் குறையாவிட்டால் காட்டுங்கள். பங்கசு என்று சந்தேகம் இருந்தாலும், பம்பர்ஸ் படாத வயிறு, முதுகு, முகம் என்று பரவினாலும் அப்படியே.

கொப்புளம், சீழ், தேன் நிறத்தில் பொருக்கு, இரத்தம் கசிகிற ஆழமான புண் என்றால் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம், காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் எந்தக் காரணமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆசனவாயைச் சுற்றி மட்டும் வளையமாகக் கடும் சிவப்பு, மலம் போகும்போது கதறி அழுகை என்றால் அது ஒருவகைப் பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், கிறீமால் மட்டும் மாறாது. வாயைச் சுற்றியும் கை கால்களிலும் அதே மாதிரிப் புண் இருந்து, எடையும் ஏறாமல் இருந்தால் உடம்பில் நாகச்சத்து (சிங்க்) குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளையோடு வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் கடி என்றால் சொறியாக இருக்கக்கூடும்.

எங்கே போவது? பிரைவேட்டில் காட்டக் காசில்லை.

அவசரமில்லாத கேள்விகளுக்கு உங்கள் பகுதி மிட்வைஃப் போதும். வீட்டுக்கு வரும்போதோ எடை பார்க்கிற கிளினிக் நாளிலோ பம்பர்ஸைக் கழற்றிக் காட்டுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. டொக்டர் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம், காசில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வரை போக வேண்டும் என்றில்லை. வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் பூசிய டியூப்களையும் கையோடு கொண்டுபோங்கள். டியூபைப் பார்த்தால்தான் எது பூசப்பட்டது என்று டொக்டருக்கு விளங்கும். பிள்ளை சோர்ந்துபோய் வாகனமும் கிடைக்காத நேரத்தில் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறோம். ஏழெட்டு மணித்தியாலம் எப்படிச் சமாளிப்பது?

ஏறுவதற்குச் சற்று முன் மாற்றி, தடிப்பாகக் கிறீம் பூசிவிடுங்கள். தேநீருக்கு நிறுத்துகிற இடத்தில் பிள்ளை நித்திரை என்றாலும் ஒருமுறை பாருங்கள். மடியில் கிடக்கிற பிள்ளைக்கு உங்கள் உடம்புச் சூடும் சேரும், அதனால் இறுக்கமான கால்சட்டை வேண்டாம், தளர்வான பருத்திச் சட்டை போதும். போய்ச் சேர்ந்ததும் கழுவி அரை மணித்தியாலம் காற்றாட விடுங்கள்.

புண் மாறிவிட்டது, ஆனால் அந்த இடம் வெளிறி இருக்கிறது. தேமலா?

பெரும்பாலும் இல்லை. அழற்சி ஆறிய இடத்தில் நம் நிறத் தோல் கொஞ்சக் காலம் வெளிறியோ கறுத்தோ இருப்பது வழமை. சில கிழமைகளிலோ மாதங்களிலோ தானாகவே பழைய நிறத்துக்கு வரும். அதற்கென்று எதையும் பூச வேண்டாம். அந்த இடத்தில் செதில் உதிர்ந்தாலோ, கடித்தாலோ, பரவினாலோ மட்டும் அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்.